பத்துக் கிலோ மாதுளை முத்து

ஏத்தா, அரிசிப் பானைப் பக்கம் ஒனக்கு என்ன வேல? எலிதான் உருட்டுதுன்னு கம்பத் தூக்கிட்டு வந்தேன். பாத்தா, பட்டணத்துல கம்ப்யூட்டர் தட்டுற எம் பேத்தி, ஒரு கை அரிசிய வாயில போட்டு நறநறன்னு மெல்லுறா. அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்பாக. தின்னு தாயி, நல்லாத் தின்னு. நம்ம கம்மாய் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. ஒங் கல்யாணத்து மழையில மறுகால் பாஞ்சா ஊரே ஒனக்குக் கூடுதலா மொய் எழுதும். மாப்பிள்ளைதான் இன்னும் அமையல, அரிசி மட்டும் தீந்துக்கிட்டே வருது.

சிரிக்காத, கிட்ட வா. கண்ணுக்குக் கீழ எமைய இழுத்துக் காட்டு. ம்ம். வெளுத்துப் போயிருக்கு. ஆபீசுல எந்நேரமும் ஐஸ் கட்டியக் கடிச்சுக்கிட்டே இருக்கேன்னு ஒங் கூட்டாளி போனுல சொல்லிச் சிரிச்சாளே, அன்னைக்கே எனக்குத் தட்டுச்சு. அரிசி, ஐசு, அடுப்புச் சாம்பலு, செலேட்டுக்குச்சி, செவுத்துச் சுண்ணாம்பு, இதுல எதையாச்சும் ஒருத்தி ஏங்கி ஏங்கித் திங்கிறான்னா, அவ ஒடம்புல இரும்பு வத்திப்போச்சான்னு மொதல்ல பாக்கணும்னு எங்க டாக்டரம்மா சொல்லும். எந்த டாக்டரம்மான்னு முழிக்காத. நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆயாவா இருந்தவ. டாக்டர் ரூமுக் கதவுக்கு வெளிய என் ஸ்டூலு. உள்ள நோயாளிக்குச் சொன்னது அம்புட்டும் வெளிய எனக்கும் சேத்துத்தான். நோயாளி வாசப்படி தாண்டுறதுக்குள்ள மறந்துருவா, எனக்கு இன்னும் மறக்கல.

டெஸ்ட் காயிதத்தக் குடு. 9-ன்னு போட்டிருக்கு. பிள்ளத்தாச்சி இல்லாத பொம்பளைக்கு 12 இருக்கணும். பிள்ளத்தாச்சிக்கு 11, ஆம்பளைக்கு 13. ஒன்ன மாதிரிப் பொம்பளைக்கு எட்டுக்குக் கீழ எறங்குனா அது கடுஞ்சோகை. நீ ஒம்போதுல நின்னுக்கிட்டு, படியேறுனா மூச்சு வாங்குது, தலமுடி கொட்டுதுன்னு ஷாம்பு மாத்திக்கிட்டு இருக்க. கொட்டுறது மயிருன்னு மட்டும் ஒனக்குத் தெரியுது.

ஒன்னய மட்டும் ஏசல. 2019லருந்து 2021 வரைக்கும் கவர்மெண்டு வீடு வீடா எடுத்த கணக்குல, நாடு பூராவும் நூறு பொம்பளையில 57 பேருக்குச் சோகை. ஆம்பளையில 25 பேருக்கு. அந்த ரெண்டு எண்ணையும் மனசுல முடிஞ்சு வச்சுக்க, பெறகு வாறேன்.

இந்தப் பையில என்ன, மாதுளம்பழமா? கிலோ என்ன வெல? அடி ஆத்தி! எவ சொன்னா இதத் தின்னா ரத்தம் ஊறும்னு? செகப்பா இருந்தா ரத்தமாக்கும். அப்படின்னா ஒங்க சின்னாத்தா ஒதட்டுல பூசுற சாயத்துக்கு அவளுக்கு இருவது இருக்கணுமே ரத்தம்! நூறு கிராம் மாதுளை முத்துல இருக்கிற இரும்பு 0.3 மில்லிகிராம். ஒன் வயசுப் பொம்பளைக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும்னு ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்குப் போட்டு வச்சிருக்கு. கணக்குல நீதான் கெட்டிக்காரியாச்சே, போட்டுப் பாரு. தோலு போக வெறும் முத்தா மட்டும் பத்துக் கிலோ திங்கணும், தெனமும். ஒன் சம்பளம் பழக்காரனுக்குப் போயிரும், உரிச்சே ஒன் ஆயுசு போயிரும். பழம் வேணாம்னு சொல்லல. ருசிக்குத் தின்னு. ரத்தத்துக்குன்னு தின்னா ஏமாந்து போவ. பீட்ரூட்டும் அந்த ஜாதிதான். தேன்ல ஊறப்போட்ட பேரீச்சம்பழம் ரெண்ட முழுங்கிட்டு, கணக்கு முடிஞ்சுருச்சுன்னு நெஞ்ச நிமித்துறியே, அதுவும்தான்.

அப்ப எதத் திங்கிறதுன்னு கேக்குற. இந்த ஊரு மனுசன் தின்னதத்தான். நூறு கிராம் தீட்டுன வெள்ளரிசியில ஒரு மில்லிகிராம் கூட இரும்பு இல்ல. அதே நூறு கிராம் கம்புல ஆறுக்கு மேல, கொள்ளுல எட்டுக்கு மேல. கேப்பையும் மோசமில்ல. எள்ளு இன்னும் ஒசத்தி. முருங்கைக்கீரை கொல்லையிலயே நிக்கிது. உருவுறதுக்குத்தான் வீட்டுல ஆளு இல்ல. எல்லாருக்கும் போனு உருவத்தான் நேரம் இருக்கு.

ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. தட்டுல விழுந்த இரும்பெல்லாம் ஒடம்புல ஏறாது. செடி கொடி தானியத்துல இருக்கிற இரும்பு, மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. ரொம்பக் கூச்சம். கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வர ஒரு மச்சினன் வேணும். நெல்லிக்காய், எலுமிச்சம்பழம், கொய்யாப்பழம், தக்காளி, இதுக நாலும்தான் மச்சினனுக. கீரையில ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சா அவரு சிரிச்சுக்கிட்டே உள்ள வந்துருவாரு. மச்சினன் இல்லாமப் போனா, நூத்துல அஞ்சோ பத்தோதான் ஏறும், மிச்சம் வந்த வழியே போயிரும். வாசல்ல ஒரு பங்காளி நின்னான்னு வையி, அந்த அஞ்சு பத்தும் பாதியாப் போயிரும். அந்தப் பங்காளி ஆரு தெரியுமா? ஒங் கையில இருக்கானே, டீத்தண்ணி!

வையி கீழ. கொள்ளுத் தொவையலும் கம்மஞ்சோறும் தின்ன வாயி காயிறதுக்குள்ள டீயா? அதுல இருக்கிற தொவர்ப்பு இரும்பக் கவ்விப் புடிச்சிக்கிரும். சோத்தோட டீ குடிச்சா, ஏற வேண்டிய இரும்புல பாதிக்கு மேல ஏறாமயே போயிரும். காப்பிக்கும் இந்தக் குணம் உண்டு, என்ன கொஞ்சம் கம்மி. குடிக்க வேணாம்னு நான் சொன்னா, இந்த ஊரு டீக்கடைக்காரன் என்னய உசுரோட விடமாட்டான். சோத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. அம்புட்டுத்தான்.

தானியத்துலயும் பயறுலயும் பைட்டேட்டுன்னு ஒண்ணு இருக்காம், அதுவும் இரும்ப விடாதாம். அதுக்கு வைத்தியம் ஊறவக்கிறது, மொளகட்டுறது, புளிக்க வக்கிறது. நாங்க கம்ப இடிச்சு, காச்சி, ராத்திரி பூரா புளிக்கப் போட்டு, காலையில சின்ன வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டுக் கூழு குடிச்சோம். பட்டிக்காட்டுத் தீனின்னு ஒங்காத்தா மூக்கச் சுழிப்பா. 2010-ல மைசூருல இருக்கிற உணவு ஆராய்ச்சி நிலையத்துக்காரவுக ஆய்வுக்கூடத்துல வச்சுப் பாத்து, தானியத்தோட வெங்காயமும் பூண்டும் சேந்தா இரும்பு ஒடம்புக்குக் கெடைக்கிற பக்குவத்துல கூடுதலா வெளிய வருதுன்னு எழுதியிருக்காக. நான் சொன்னா மூக்கச் சுழிக்கிறவ, மைசூருக்காரன் சொன்னா இங்கிலீசுல தலையாட்டுவா.

இரும்புச் சட்டி எங்கன்னு கேளு ஒங்காத்தாள. பரணு மேல கெடக்கு, பல்லி முட்ட போட்டிருக்கு. ஒட்டாத சட்டின்னு கறுப்பா ஒண்ணு வாங்கி மாட்டி வச்சிருக்கா. அதுல எதுவும் ஒட்டாது, சத்தும் ஒட்டாது. இரும்புச் சட்டியில புளிக்கொழம்போ தக்காளித் தொக்கோ வச்சா, புளிப்புக்கு இரும்பு கொஞ்சம் கொழம்புல எறங்கும். வச்சு எறக்குனதும் வேற ஏனத்துல ஊத்திரணும். ராத்திரி பூரா அதுலயே போட்டு வச்சா கொழம்பு கறுத்து, காலையில ஆணியச் சப்புன வாடை அடிக்கும்.

இப்ப அந்த ரெண்டு எண்ணுக்கு வாறேன். 57, 25. மாசாமாசம் போற ரத்தம் ஒரு காரணம், இல்லைங்கல. பிள்ளப்பேறு இன்னொண்ணு. அதனாலதான் ஆம்பளைக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் போதும், பொம்பளைக்கு 29 வேணும்னு பிரிச்சு எழுதியிருக்காக. ஆனா நம்ம வீட்டுப் பந்தியில என்ன நடக்கு? ஞாயித்துக்கெழம கறி எடுக்கிறாக. ஈரலு ஒங்கப்பனுக்கு, ஏன்னா அவரு சம்பாதிக்கிறாரு. நல்லி ஒந் தம்பிக்கு, ஏன்னா அவன் வளர்ற புள்ள. அவன் தாடிக்கு நரை வந்தாலும் அவன் வளர்ற புள்ளதான். நல்ல துண்டெல்லாம் விருந்தாளிக்கு. எல்லாரும் கை கழுவுன பெறகு, ஒங்காத்தா வெறுஞ்சட்டியில சோத்தப் போட்டுப் பெரட்டி, சட்டிச்சோறுக்குள்ள ருசி எதுலயும் வராதும்பா. ருசி உண்டு, நானும் தின்னுருக்கேன். ஆனா இரும்பு எங்க? ஒங்கப்பன் வயித்துல. கறி ஈரல்ல இருக்கிற இரும்புக்கு மச்சினனும் வேணாம், மாமனும் வேணாம். நூத்துக்குப் பதினஞ்சுலருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் தானா ஏறும். அம்புட்டு லேசா ஏறுற இரும்பு, அது அம்புட்டாத் தேவப்படாத ஆளு தட்டுக்குப் போகுது. கூடுதலா வேணும்ங்கிறவளுக்கு வெறுஞ்சட்டி.

எம் மவன் கெட்டவன் இல்ல. ஒங்காத்தா தின்னுட்டாளான்னு பாக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவன வளத்தவ நான்தான், அத நீ இப்ப எடுக்காத. பேச்சு ஒன்னப் பத்தி.

நாளைக்கு நீ ஒரு வீட்டுக்குப் போவ. அங்க போயி மொத நாளே எனக்கு ஈரலு வேணும்னு கேட்டா, மாமியாகாரி ஊரக் கூட்டிருவா. அதுக்கு ஒரு வித்த இருக்கு. சமைக்கிறவளுக்கு உப்புப் பாக்குற உரிமை உண்டு, அத எந்தச் சட்டமும் புடுங்க முடியாது. ஒரு துண்டுல உப்பு சரியாத் தெரியாது. ரெண்டாவது துண்டுல ஒறைப்புப் பாக்கணும். மூணாவது, வெந்துருச்சான்னு. நாலாவது, ஆறுன பெறகு எப்படி இருக்குன்னு. கேட்டா, 'பக்குவம் பாத்தேன் அத்த'ன்னு சொல்லு. இதவிட நேர் வழி, எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து ஒண்ணாத் திங்கிறது. அது எந்த வீட்டுல நடக்குதோ அங்க உப்புப் பாக்க வேண்டியதில்ல.

சரி, பையில அடியில கெடக்கே அட்டை, அது என்ன? ரத்த மாத்திரை. ரெண்டே ரெண்டு பொத்தல். மிச்சம் அம்புட்டும் புதுப்பொண்ணா உள்ளயே இருக்கு. பள்ளிக்கூடத்துல வாரா வாரம் குடுத்த நீல மாத்திரைய நாக்குக்கடியில ஒளிச்சு வச்சு, வேப்பமரத்தடியில துப்புனவதான நீ? அந்த வேப்பமரம் இன்னைக்கு எம்புட்டுத் தெடமா நிக்கிது, போயிப் பாரு. இந்த நாட்டுல கர்ப்பிணிகளுக்கும் சின்னப் புள்ளைகளுக்கும் இரும்பு மாத்திரை குடுக்கிற திட்டம் 1970-ல வந்தது. ஒங்கப்பனுக்கு என்ன வயசோ கிட்டத்தட்ட அதுக்கும் அம்புட்டு. சின்னப் புள்ளைகளுக்கு ரோசு, ஒங்கள மாதிரி வளர்ற குமரிகளுக்கு நீலம், பிள்ளத்தாச்சிக்குச் செகப்புன்னு கலர் கலராப் பிரிச்சும் குடுத்துட்டாக. பிள்ளத்தாச்சிக்கு நாலாம் மாசத்துலருந்து நாளைக்கு ஒண்ணு, 180 நாளு. பெத்த பெறகும் 180 நாளு. வீடு வீடாக் குடுத்துட்டு வந்த நர்சம்மா கண்ணு மறைஞ்சதும் அது கூரைக்குப் போச்சா, குப்பைக்குப் போச்சான்னு ஓடு பிரிச்ச கொத்தனாரக் கேட்டாத் தெரியும்.

ஏன் நிறுத்துன, சொல்லு. வயித்தப் பெரட்டுச்சு. மலங்கட்டுச்சு. கறுப்பாப் போச்சுன்னு பயந்து ஒங்காத்தாளுக்கு ராத்திரியில போன் பண்ணி அழுத. ஒடம்பு எடுத்தது போக மிச்சம் வெளிய வருது, அது கறுப்பாத்தான் வரும். மாத்திரை போடாதவளுக்குத் தாரு மாதிரிக் கறுத்துப் போனாத்தான் ஓடணும் ஆஸ்பத்திரிக்கு. வெறும் வயித்துல போட்டா நல்லா ஏறும். பெரட்டுச்சுன்னா ராத்திரி கொஞ்சமாச் சாப்புட்டுட்டுப் போடு, கொஞ்சம் கம்மியா ஏறுனாலும் போடாததுக்கு மேல. எலுமிச்சஞ்சாறோட முழுங்கு. பாலோட வேணாம், டீயோட வேணவே வேணாம், நெஞ்செரிச்சலு மாத்திரையோடயும் வேணாம். தைராய்டு மாத்திரை போடுறவளா இருந்தா ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரம் விடணும். டானிக்கா இருந்தா உறிஞ்சுகுழல் வச்சுக் குடி, இல்லாட்டிப் பல்லு கறுத்து, பொண்ணு பாக்க வந்தவன் வெத்தலை போடுற பொண்ணுன்னு ஓடிருவான்.

டாக்டரு ஒனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்னு எழுதியிருந்தா, மருந்துக் கடைக்காரன் கஞ்சனா, டாக்டரு கஞ்சனான்னு யோசிக்காத. மாத்திரைய முழுங்குனதும் நம்ம கல்லீரலு ஹெப்சிடின்னு ஒரு சுரப்பக் கூடுதலா விடுமாம். அந்தப் பேரு வாயில நுழையவே எனக்கு ரெண்டு வெத்தலை ஆச்சு. அது அடங்குற வரைக்கும் குடலு அடுத்த இரும்ப அம்புட்டாச் சேத்துக்காதாம். சுவிட்சர்லாந்துல இரும்பு கொறஞ்ச எளவட்டப் பொம்பளைகளுக்குக் குடுத்துப் பாத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா முழுங்குனதுல கூடுதலா ஏறுதுன்னு 2017-ல எழுதுனாக. அதுக்காக நீயா நாளக் கொறைக்காத, டாக்டரு சொன்ன கணக்குல போடு. ரத்தம் 12 வந்துருச்சுன்னு அன்னைக்கே அட்டையத் தூக்கியும் எறியாத. அதுக்குப் பெறகும் மூணு மாசம் போட்டாத்தான் ஒடம்பு இருப்பு வச்சுக்கும். வீட்டுல சின்னஞ்சிறுசு இருந்தா அட்டைய எட்டாத ஒசரத்துல வையி. முட்டாயின்னு நாலஞ்சத் தின்னுட்டா உசுருக்கே ஆபத்து, இதுல வெளையாட்டு இல்ல.

ஒங்கப்பனும் டானிக்கு குடிக்கிறேன்னு கெளம்பியிருக்காராமே? அவரு கையில இருந்து பாட்டில வாங்கி வையி. பொம்பளைக்கு ரத்தம் கொறஞ்சா எங்க போச்சுன்னு ஓரளவுக்குத் தெரியும். அந்த வயசு ஆம்பளைக்குக் கொறஞ்சா, எங்கயாச்சும் உள்ள ஒழுகுதான்னு மொதல்ல சந்தேகப்படணும். மூலமா, வயித்துப்புண்ணா, முட்டிவலின்னு கடையில கேட்டு வாங்கித் திங்கிற மாத்திரையா, அதையும் தாண்டி வேற எதுவுமான்னு பாத்துட்டுத்தான் டானிக்கு. இன்னொண்ணு, சோகையெல்லாம் இரும்புச் சோகையும் இல்ல. அதுக்கு ஒரு கதை கேளு. கம்போடியா நாட்டுல ஒரு கனடாக்காரப் பையன் 2008 வாக்குல, கொழம்புல போட்டுக் கொதிக்க வைங்கன்னு இரும்புக் கட்டி குடுத்தான். பொம்பளைக வாங்கிக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டாக. அவன் அதையே அவுக ராசின்னு நெனைக்கிற மீனு உருவத்துல வாத்துக் குடுத்தான். ஒடனே கொழம்புல போட்டாக. பொம்பளைகள எப்படி வழிக்குக் கொண்டாரதுன்னு தெரிஞ்ச பய. உலகமே மெச்சுச்சு. பெறகு வேற ஆளுக நல்லா நிதானமாச் சோதிச்சுப் பாத்தா, மீனால பெருசா ஒண்ணும் ஏறல. ஏன்னா அந்தப் பக்கத்துல நெறையப் பேருக்குச் சோகை வர்றது பொறவியிலயே ரத்தத்துல இருக்கிற கோளாறால, இரும்புக் கொறைவால இல்ல. நம்ம பக்கமும் தலசீமியா இருக்கு, நீலகிரி மலைச்சனத்துக்கிட்ட அருவாச்செல் சோகை இருக்கு, வெறும் காய்கறி திங்கிறவுகளுக்கு பி12 கொறைவு இருக்கு. அதனாலதான் இரும்பு இருப்பு எம்புட்டுன்னு பெரிட்டின் டெஸ்டும் எடுன்னு டாக்டரு எழுதியிருக்கு. அந்தக் காசுக்குத்தான் நீ மாதுளை வாங்கிட்டு வந்திருக்க.

அங்க பாரு ஒங்காத்தாள. மொறத்துல ரேசன் அரிசியப் போட்டு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு என்ன பொறுக்குறா? பிளாஸ்டிக் அரிசியாம்! தண்ணியில மெதக்குதாம், வாட்சப்புல வந்துச்சாம். அரிசி மாவுல இரும்பு, போலிக் ஆசிட், பி12 எல்லாம் சேத்து, அரிசி உருவத்துலயே புழிஞ்சு, நூத்துக்கு ஒண்ணுன்னு கலந்து வந்த அரிசி அது. அந்த ஒண்ணத் தேடிப் புடிச்சுக் கோழிக்குப் போடுறா. கல்லு கெடந்தாக் கண்ணுக்குத் தெரியாது, சத்து கெடந்தா மட்டும் எப்படித்தான் தெரியுதோ. நம்ம வீட்டுக் கோழிக்கு ரத்தம் எடுத்துப் பாத்தா பதினஞ்சு இருக்கும்.

செருப்பு எங்க? கொல்லைக்கு வெறுங்காலோட போகாத. கொக்கிப்புழு பாதத்தத் தொளச்சு உள்ள ஏறி, குடல்ல ஒக்காந்து ரத்தங் குடிக்கும். வருசத்துக்கு ரெண்டு தரம் புள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை குடுக்கிறது இதுக்குத்தான்.

இப்ப முக்கியமான சோலி. நாளைக்கு ஞாயித்துக்கெழம. கறிக்கடைக்காரங்கிட்ட சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரலு, சொல்லி வச்சிருக்கேன். ஈரலவிட அதுல இரும்பு பல மடங்கு. ஆனா ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான். இந்த ஊருல ராத்திரி ஊத்திக்கிற கூட்டம் பூராவும் அதுக்குத்தான் காத்துக் கெடக்கும். பல்லு போன கெழவிக்கு எதுக்குன்னு கடைக்காரன் கேட்டான். இடிச்சு ரசம் வச்சுக் குடிப்பேன்னுட்டேன். நீ விடியிறதுக்குள்ள போயி, அப்பத்தா கேட்டுச்சுன்னு வாங்கி முந்தானையில மறைச்சுக் கொண்டா. ஒனக்கு முந்தானை ஏது, அந்தப் பையில போட்டுக்க. மேல்தோல உரிச்சு, மஞ்சப்பொடி உப்புப் போட்டு, மொளகும் சீரகமும் இடிச்சுப் போட்டு, சின்ன வெங்காயத்தோட அந்த இரும்புச் சட்டியில நல்லா வெந்து வர வதக்குறேன். ஒங்கப்பன் எந்திரிச்சுப் பல்லு வெளக்கி முடிக்கிறதுக்குள்ள நீயும் ஒங்காத்தாளும் தின்னு முடிச்சிரணும். வாசம் வருதேன்னு கேட்டா, பக்கத்து வீட்டுலன்னு சொல்லிக்கிறேன். சட்டியக் கழுவ மட்டும் மறந்துறாதீக.